முழுசாச் செத்தால்தான் புதுசு

அந்தக் கீபோர்டுக்கு ஆள் பார்த்து நடக்கத் தெரியும். புயல் அதில் வேலை செய்யும்போது அது பண்ணாத அட்டூழியம் கிடையாது. ஒரு எழுத்தை விழுங்கும், இன்னொன்றை இரண்டாகத் துப்பும். சில நேரம் ஒரு விசை அமுங்கியது அமுங்கியபடியே கிடந்து, திரை முழுக்க ஒரே எழுத்து எறும்பு வரிசையாக ஊரும். ஆனால் ஸ்டோர் பொறுப்பாளர் அறைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், அப்பா வரும் சத்தம் கேட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி அடங்கி ஒடுங்கி உட்கார்ந்துவிடும்.

புயல் என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். டாக்டர்கள் வார்டைச் சுற்றிவிட்டு வந்து வாயால் சொல்லிப் பதிவு செய்வதை அவள் ஹெட்போனில் கேட்பாள். காலடியில் இருக்கும் பெடலை மிதித்துக் குரலை நிறுத்துவாள், ஓட்டுவாள், கேட்டதை அறிக்கையாக அடித்துத் தருவாள். அவள் அடிக்கும் வேகத்தில் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் வரும். அறிக்கை அறை என்று பெயர்தான் பெரிசு. இரண்டு மேசை, இரண்டு கணினி, நடுவில் ஒரு அச்சு இயந்திரம். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சுவர் முட்டும்.

பக்கத்து மேசைக்காரிக்கு ரேடியோ அக்கா என்று பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய மவுஸுக்கு வேறு வியாதி. ஒரு தரம் தட்டினால் இரண்டு தரம் தட்டியதாக எடுத்துக்கொள்ளும். ஒரு கோப்பைத் தொட்டால் இரண்டு திறக்கும். ஒன்றை மூடப் போனால் அடியில் இருப்பதும் சேர்ந்து மூடிக்கொண்டு போகும். அது தன்னுடையது என்று தெரிய அவள் அதன் முதுகில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். "செய்யுற வேலைக்கு இதுக்குப் பொட்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்று தினமும் திட்டுவாள்.

இரண்டு பேரும் புகார் சொல்லாமல் இல்லை. சொன்னால் பக்கத்து அறையிலிருந்து ஸ்டோர் பொறுப்பாளர் வருவார். அவருக்குப் பூட்டு சார் என்று பெயர். கண்ணாடிக் கதவு போட்ட அவருடைய அலமாரியில் புதுக் கீபோர்டுகள் பெட்டி பிரிக்காமல், பிளாஸ்டிக் உறை கலையாமல், கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை அடுக்கியிருக்கும். அந்தக் கதவில் ஒரு பூட்டு. பூட்டின் சாவி அவர் இடுப்பில். வருடத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் நிறைந்து கிடக்கும் அந்த அலமாரியைப் பார்த்து, "பொருளை வீணாக்காம வெச்சிருக்கீங்களே!" என்று அவர் முதுகைத் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த வருடம் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரு தலைமை ஸ்டோர் பொறுப்பாளரைப் போடப் போவதாகப் பேச்சு. அவர் அந்த நாற்காலியில் மனத்தால் உட்கார்ந்தே விட்டார்.

அவர் பரிசோதிக்கும் அழகைக் கேளுங்கள். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் ஒரு தட்டு. வாயைக் குவித்து ஒரு ஊது. பிறகு ஆட்காட்டி விரலை நீட்டி, முதல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு விசையாக, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி அழுத்துவார்.

"எழுத்து வருதா?"

"இப்ப வருது சார். வேகமா அடிக்கும்போதுதான்..."

"உன்னை யாரும்மா வேகமா அடிக்கச் சொன்னா?"

"அப்பப்ப மக்கர் பண்ணுது சார். எப்பப் பண்ணும்னு சொல்ல முடியல."

"அப்பப்பன்னு ஒரு வியாதி கிடையாதும்மா. ஒண்ணு உசுரோட இருக்கணும், இல்ல போயிடணும். முழுசாச் செத்தாத்தான் புதுசு. அதான் நம்ம ஸ்டோர் வழக்கம்."

ரேடியோ அக்காவின் மவுஸையும் அப்படித்தான் மெதுவாக அழுத்திப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று நிர்வாகி மேடத்துக்கு எழுதியே கொடுத்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வினை வந்தது. ஒரு நோயாளிக்கு டாக்டர் சொன்ன மருந்தின் அளவு ஐம்பது. புயலின் விரல் அடித்ததும் ஐம்பதுதான். கீபோர்டு சுழியை இரண்டாகத் துப்பிவிட்டது. தாளில் ஐந்நூறு என்று போய்விட்டது. அவசரம் என்று வாசலில் ஆள் நின்று பிடுங்கிக்கொண்டு போனதால் அவள் மறுபடி படித்துப் பார்க்கவும் முடியவில்லை. நல்லவேளை, வார்டு நர்ஸுக்குக் கண் இருந்தது. "யாருக்கு இது? மனுஷனுக்கா, யானைக்கா?" என்று தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

 அந்த நோயாளியைப் புயலுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஆளின் மனைவி, பிள்ளை எல்லாரும் தன் மேசைக்கு முன்னால் வந்து நிற்பது போல இருந்தது.

நிர்வாகி மேடம் விசாரிக்க வந்தார். பூட்டு சாரும் வந்தார். தட்டினார், ஊதினார், ஒவ்வொன்றாக அழுத்தினார். சுழியை மட்டும் மூன்று தடவை அழுத்தினார். மூன்று தடவையும் ஒற்றைச் சுழிதான் விழுந்தது.

"கீபோர்டு தங்கமா இருக்கு மேடம்" என்றார். பிறகு வாசலில் கூடி நின்ற நர்ஸுகளையும் லிப்ட்காரரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோளாறு விரல்ல."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. மெமோ கொடுத்தார். அந்த வருடம்தான் புயலை நிரந்தரமாக்குவதாக இருந்தது. மெமோ வாங்கியவர்கள் பெயர் மேலே போகாது. எத்தனை வருடமாகக் காத்திருந்த வேலை! அது கைநழுவிப் போனதைவிட அவளை அறுத்தது அந்த ஒரு வார்த்தைதான். விரல்ல கோளாறாம். இந்த விரலில்!

வீட்டுக்குப் போய் அவள் பாத்திரம் தேய்த்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நாத்தனார் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு வாலு என்று செல்லப்பெயர். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை.

"அண்ணி, அந்தச் சட்டி என்ன பாவம் பண்ணிச்சு?"

"அந்தாளை ஏதாவது பண்ணணும்டி."

"எந்தாளை? எங்க அண்ணனையா? தாராளமாப் பண்ணுங்க."

"விளையாடாதே. பூட்டை. அந்தக் கீபோர்டை அந்தாளு தலையில கட்டணும். அது என்ன பாடு படுத்தும்னு அந்தாளுக்குத் தெரியணும்."

"கட்டுங்களேன். யாரு தடுத்தா?"

யாரும் தடுக்கவில்லைதான். பூட்டு சார் அலமாரியைத்தான் பூட்டுவார், மேசையை அல்ல. மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் புயல் தன் கீபோர்டைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனாள். அவருடையதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி முழுக்க எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அச்சு. ரேடியோ அக்கா பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

பிறகு காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அலறல் வரும், ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். அன்றைக்கு வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. பூட்டு சார் ஒற்றை விரலால், யோசித்து யோசித்து, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு அடிக்கிறவர். அந்த வேகத்துக்குக் கீபோர்டு பசுவாக இருந்தது.

கூத்து அதோடு முடியவில்லை. அவருடைய நல்ல கீபோர்டு புயலிடம் வந்ததும் அவள் அறிக்கைகளில் ஒரு பிழை இல்லாமல் போயிற்று. மேடம் அதைக் கவனித்து, தாழ்வாரத்தில் நிறுத்தி, "இப்பல்லாம் ரொம்ப சுத்தமா வருதே!" என்றார். பக்கத்தில் நின்ற பூட்டு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மேடம்? அதே கீபோர்டு. ஒரு மெமோ குடுத்தீங்க, விரல் சரியாயிடுச்சு! இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்."

பாருங்கள், அவளால் வாயைத் திறக்க முடியுமா? திறந்தால் கீபோர்டை மாற்றியதைச் சொல்ல வேண்டும். நல்ல பேர் வாங்கியதே கெட்ட பேருக்குச் சாட்சியாகிவிட்டது. வேலைதான் நடக்கிறதே, போகட்டும் என்று வேறொருத்தி விட்டிருப்பாள். புயல் விடவில்லை. வீட்டுக்குப் போய் வாலுவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தப்பான ஆயுதத்தை எடுத்திருக்கீங்க அண்ணி" என்றாள் வாலு அன்று. "அந்தாளு எதுல வேகம்?"

புயல் யோசித்தாள். "மவுஸ்ல. வேலை இல்லாதப்ப சீட்டு விளையாட்டு ஆடுவாரு. அதுல மட்டும் விரல் பட்டுப் பட்டுனு சிட்டுக்குருவி மாதிரி கொத்தும்."

"உங்க ரேடியோ அக்கா மவுஸ் ரெண்டு தடவை எடுத்துக்குதுன்னு சொன்னீங்கல்ல? உள்ள ஒரு சின்னத் தகடு இருக்கும். அது தளர்ந்திருக்கும். அமுக்கிப் பிடிச்சு மெதுவா விட்டா ஒழுங்கா இருக்கும். பட்டுனு தட்டினா துள்ளும், ரெண்டாயிடும்."

"மெதுவா அமுக்கினா ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது. சத்தியம் பண்ணி நல்ல மவுஸ்னு சொல்லலாம்."

 புயல் சிரித்தாள்.

"அண்ணி, நீங்க இப்படிச் சிரிச்சா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் வாலு.

மறுநாள் புயல் ரேடியோ அக்காவின் வாயைக் கிளறினாள். கிளறவா வேண்டும்? ஆய்வு நாளில் பூட்டு சார் வருடா வருடம் காட்டும் வித்தையை அக்கா நடித்தே காட்டினாள். ஸ்டோர் கணினியில் ஒரு பொருளைத் தேர்ந்து, எந்த அறைக்கு, எத்தனை என்று போட்டால் 'வழங்கு' என்று ஒரு கட்டம் வரும். அதைத் தட்டினால் அதே இடத்தில் 'உறுதி' என்று இன்னொரு கட்டம் முளைக்கும். பூட்டு சார் அலமாரியில் உள்ள அத்தனை கீபோர்டையும் போட்டு, பட்டென்று 'வழங்கு' தட்டி, 'உறுதி' வந்ததும் கையை மேலே தூக்கிவிடுவார். "பாருங்கய்யா, நான் உறுதி பண்ணினாத்தான் போகும். பண்ண மாட்டேன்ல!" என்று சொல்லி ரத்து செய்வார். அதிகாரிகள் சிரிப்பார்கள். உறுதி செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பொருள் வெளியே போயே ஆக வேண்டும். அதுவும் அவர் போட்ட விதிதான்.

"எந்த அறைக்குன்னு போடுவாரு?"

"வரிசையில முதல்ல என்ன இருக்கோ அது. நம்ம அறிக்கை அறைதான்" என்ற ரேடியோ அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "அடியே. என்னடி பண்ணப் போற?"

"உங்க மவுஸை ஒரு நாள் கடன் குடுங்கக்கா."

"ஒரு நாள் என்ன, ஜென்மத்துக்கும் வெச்சுக்கோ."

ஆய்வு நாள் காலையில் பூட்டு சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதிகாரியை வரவேற்க வாசலுக்குப் போனார். புயல் உள்ளே போய் வந்தாள். ஒரு தும்மல் போட்டு முடிக்கிற நேரம்தான்.

அறைக்கு ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்பது ஆய்வின் முறை. ரேடியோ அக்காவுக்குத் திடீரென்று முட்டி வலித்தது. புயல் போனாள். ஸ்டோரில் கசகசவென்று கூட்டம். மெமோ கொடுத்த அன்று சிரித்த நர்ஸுகள், லிப்ட்காரர், மேடம், நடுவில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட பெரிய அதிகாரி. கண்ணாடி அலமாரி பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. அதிகாரி மனம் நிறைந்து தலையாட்டினார்.

"எப்படித்தான் இவ்வளவு சேர்த்து வெச்சிருக்கீங்களோ!"

"எடுக்கறது சுலபமில்லைங்கய்யா. இப்பப் பாருங்க." பூட்டு சார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எண்ணைப் போட்டார். கீபோர்டு பரம சாது. புயல் தன் வலது கை விரல்களை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

அவர் மவுஸைப் பட்டென்று தட்டினார். கையை மேலே தூக்கினார். "பாருங்கய்யா, நான் உறுதி பண்ணினாத்தான்..."

திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது: வழங்கப்பட்டது. அறிக்கை அறை.

அவர் கை தூக்கியபடியே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"போயிடுச்சே?" என்றார் அதிகாரி.

"இல்லைங்கய்யா, நான் பண்ணல. நான் ஒரு தடவைதான் தட்டினேன். இந்த மவுஸ்தான்..."

மேடம் குனிந்து மவுஸைப் பிடித்தார். அவருக்கு எதையும் நிதானமாக அழுத்தித்தான் பழக்கம். ஒரு கோப்பில் வைத்து அமுக்கினார். இன்னொன்றில் அமுக்கினார். ஒன்றுக்கு ஒன்றுதான்.

"நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லா இருக்கும் மேடம். சில நேரம்தான்..."

"சில நேரம்னா?"

"அப்பப்ப..." என்று சொல்லிவிட்டுப் பூட்டு சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னால் நின்ற நர்ஸ் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்போதுதான் அவர் கண் மவுஸின் முதுகில் இருந்த சிவப்புப் பொட்டில் விழுந்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"இது என் மவுஸே இல்ல! இது அறிக்கை அறை மவுஸ்! யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. இது எப்பவும் ரெண்டு ரெண்டாத்தான் எடுக்கும், அந்தம்மா எத்தனை தடவை வந்து சொல்லியிருக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். வாயிலிருந்து போனது போனதுதான். மேடம் அவரையே பார்த்தார்.

"எப்பவும் ரெண்டா எடுக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? நல்லா இருக்குன்னு நீங்கதானே எனக்கு எழுதிக் குடுத்தீங்க?"

 பூட்டு சார் விரலைப் புயல் பக்கம் நீட்டினார். "இவதான் மேடம். இவதான் மாத்தினா."

எல்லாரும் திரும்பினார்கள். இத்தனை நாள் மனத்துக்குள் அரைத்து அரைத்து வைத்திருந்த வசவெல்லாம் புயலின் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, தேன் தடவினாற்போல் பேசினாள்.

"நல்ல மவுஸ்தானே சார்? நீங்களே சோதிச்சது. எந்த மேசையில இருந்தா என்ன?" கொஞ்சம் நிறுத்தினாள். "ஒருவேளை, கோளாறு விரல்ல இருக்குமோ?"

முதலில் லிப்ட்காரர்தான் சிரித்தார். அப்புறம் நர்ஸுகள். அதிகாரிக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை, சிரிப்பு தொற்றிக்கொண்டது. பூட்டு சார் சிரிப்பின் நடுவில் புதுச் சட்டையோடு நின்றார். அவர் காது சிவந்ததை, கழுத்து சிவந்ததை, வேர்வை காலரை நனைத்ததை, புயல் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"பொருளை மாத்தினது தப்பு" என்று மேடம் அவளிடம் சொன்னார். குரலில் கடுமை இருந்தது. ஆனால் பார்வை அலமாரிப் பக்கம் இருந்தது. "அதை அப்புறம் பேசிக்கலாம். இவர் சோதிக்கற லட்சணம் தெரிஞ்சுபோச்சு, மெமோவை நான் திரும்ப எடுத்துக்கறேன். அந்த ஐந்நூறு உன் விரல் அடிச்சதில்ல." பிறகு பூட்டு சாரிடம், "வழங்கினது வழங்கினதுதான். உங்க விதிதானே? கொண்டுபோய்க் குடுங்க" என்றார்.

சாவி அவரிடம்தான் இருந்தது. அதனால் அவரேதான் திறந்தார். பெட்டி பெட்டியாக அவரே சுமந்தார். அறிக்கை அறையில் வைக்க இடமில்லாமல் ரேடியோ அக்கா வலித்த முட்டியை மறந்து எழுந்து குதித்து இடம் செய்து கொடுத்தாள். புயல் ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வார்டு வார்டாகக் கொடுத்தனுப்பினாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் வாய்மூடி மக்கர் கீபோர்டோடு குடும்பம் நடத்தியிருந்தது அன்றுதான் தெரிந்தது. கண்ணாடி அலமாரி துடைத்த பளபளப்போடு காலியாக நின்றது. தலைமை நாற்காலிக்கு வேறு கிளையிலிருந்து ஒருவர் வந்தார்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மேடம் இன்னொரு உத்தரவும் போட்டார்: இனிமேல் சாதனம் கெட்டதா நல்லதா என்று பார்ப்பது அதில் வேலை செய்கிறவர்கள் பொறுப்பு, ஆஸ்பத்திரி முழுக்கப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் புயல். அதே மாதம் அவள் வேலையும் நிரந்தரமாயிற்று.

ஒரு நாள் பூட்டு சார் அறிக்கை அறை வாசலில் வந்து நின்றார். கையில் சிவப்புப் பொட்டு வைத்த மவுஸ். களேபரத்தில் அது அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. அவருடையது ரேடியோ அக்காவிடம் சுகமாக இருந்தது.

"இது... ரொம்பப் படுத்துதும்மா. ஒரு சீட்டை எடுத்தா ரெண்டு சீட்டு வருது." அவசரமாகத் திருத்தினார். "வேலையே ஓடல. ஒரு கையெழுத்துப் போட்டியானா புதுசு ஒண்ணு வரவழைச்சுப்பேன்."

"உட்காருங்க சார்" என்றாள் புயல். உட்கார அங்கே இடம் இல்லை. அவர் நின்றார்.

அவள் மவுஸை வாங்கி முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். வாயைக் குவித்து ஊதினாள். தன் கணினியில் செருகி, ஆட்காட்டி விரலால், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி, அமுக்கிப் பிடித்து, மெதுவாக விட்டாள். ஒரு கோப்புத் திறந்தது. ஒன்றே ஒன்று.

"திறக்குதா சார்?"

"இப்பத் திறக்குதும்மா. ஆனா..."

"அப்புறம் என்ன சார்? தங்கமா இருக்கு." மவுஸை அவர் கையில் வைத்தாள். "முழுசாச் சாகட்டும். பாத்துக்கலாம்."

அவர் போனபின் ரேடியோ அக்கா பெருமூச்சு விட்டாள். "போதும்டி, பாவம். குடுத்துடு."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு பட், பட்டென்று மவுஸ் சத்தம். பிறகு மேசையில் ஒரு குத்து. புயல் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"குடுக்கறேன்க்கா" என்றாள். "இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன்."